கூஃபாவின் கதவும் புத்ராஜெயாவின் வாயிலும்

மலேசியா சென்று திரும்பும் நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு நகரம் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. ஏரிக்கரையில் ரோஜா நிறத்தில் எழுந்து நிற்கும் பள்ளிவாசல். அதன் அருகே பச்சைக் குவிமாடம் தாங்கிய பிரதமர் அலுவலக மாளிகை. நீரின்மேல் வளைவு வளைவாகச் செல்லும் பாலங்கள். இவற்றின் முன் கட்டுரையாளர் நின்று எடுத்துக்கொண்ட நிழற்படம். பக்தாதையும் குர்துபாவையும் ஒருங்கே கண்டேன் என்று ஒருவர் எழுதுகிறார். இஸ்லாமியக் கட்டடக்கலையின் மறுமலர்ச்சி என்கிறார் இன்னொருவர். இத்தகைய கட்டுரைகள் நான்கைந்தைப் படித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றேனும், புத்ராஜெயா என்னும் அந்நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது, அங்கே அலுவல்கள் எவ்வாறு நடைபெறுகின்றன, குறையுடன் வரும் ஒரு சாதாரண மனிதன் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று கேட்கவில்லை.

அழகைப் பாராட்டுவது குற்றமன்று. ஆனால் நம் காப்பியப் புலவர்கள் நகரப் படலம் பாடியபோது மாடங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அங்காடியைப் பாடினர், அதில் விற்றவரையும் வாங்கியவரையும் பாடினர். நம் உமறுப் புலவரும் சீறாவில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடிவிட்டே கதைக்குள் புகுகிறார். அந்த மரபில் வந்தவர்கள் ஒரு தலைநகரைக் கண்டு குவிமாடத்தின் உயரத்தை மட்டும் அளந்து திரும்புவது குறையே. ஆட்சி நடத்துவதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்படும் நகரத்தை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதற்கு நம் வரலாற்று நூல்களிலேயே தெளிவான அளவுகோல் ஒன்று கிடக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் (கி.பி. 638) கலீபா உமர் (ரலி) அவர்களின் கட்டளைப்படி, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபா நகரை அமைத்தார்கள். இமாம் தபரீ தம் வரலாற்றில் இதை விரிவாகவே தருகிறார். முதலில் பள்ளிவாசலுக்கு இடம் குறித்தார்கள். நடுவிலிருந்து வில்லாளி ஒருவர் திசைதோறும் அம்பெய்ய, அம்பு விழுந்த இடங்களுக்கு அப்பால்தான் வீடுகள் எழும்பலாம் என்றார்கள். பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கும் அடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என அளவும் வகுத்தார்கள். பள்ளிவாசலையொட்டியே சந்தை. பள்ளிவாசலில் முன்னால் வந்தவர் முன்னால் அமர்வதுபோல, சந்தையிலும் காலையில் முதலில் வந்து இடம் பிடித்தவருக்கே மாலைவரை அவ்விடம் உரியது என்பது உமர் (ரலி) அவர்களின் ஏற்பாடு.

இரண்டு நிகழ்ச்சிகள் அதன்பின் நடந்தன. ஆளுநர் இல்லத்தில் இருந்த பைத்துல்மாலைக் கள்வர் துளையிட்டுப் பணம் கவர்ந்தனர். கலீபாவுக்குச் செய்தி போயிற்று. காவலரைக் கூட்டும்படியோ மதிலை உயர்த்தும்படியோ அவர்கள் எழுதவில்லை. பள்ளிவாசலைக் கருவூலத்தின் பக்கத்திலேயே கொண்டுவந்து அமையுங்கள். இரவும் பகலும் அங்கே மக்கள் இருப்பார்கள், பொருளுக்கு அவர்களே காவல் என்ற கருத்தில் எழுதினார்கள். மக்களின் பொருளுக்கு மக்களின் நடமாட்டமே பாதுகாப்பு என்னும் இந்த யோசனையை, நகரமைப்புத் துறையினர் தம் பாடநூலின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

மற்றொன்று கதவு. சந்தை இரைச்சல் ஆளுநர் இல்லத்தினுள் கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சுக்கு இடையூறாயிற்று. ஸஅத் அவர்கள் ஒரு கதவை அமைத்தார்கள். ஊரார் அதை ‘ஸஅதின் கோட்டை’ என்று பேசலாயினர். செய்தி மதீனாவை எட்டியதும் கலீபா அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். கூஃபாவுக்குப் போக வேண்டும், கதவை எரிக்க வேண்டும், வந்த வழியே திரும்ப வேண்டும், இவ்வளவே பணி. அவர் போனார், விறகு வாங்கினார், கதவைக் கொளுத்தினார். கருவூலத்துக்குப் பூட்டுப் போடலாம், ஆனால் மக்கள் தம் உரிமையைக் கேட்டு உள்ளே வருவதைத் தடுக்கும் கதவு ஆட்சியாளன் வாசலில் இருக்கலாகாது என்பது அவர் கொண்டுசென்ற மடலின் சாரம். இரைச்சலை அடக்கச் சொன்னதாகத் தம்மீது கூறப்பட்டதை ஸஅத் அவர்கள் சத்தியம் செய்து மறுத்தார்கள். கலீபாவும் அதை நம்பினார்கள். ஆயினும் கதவு எரிந்தது எரிந்ததுதான்.

இப்போது நூறாண்டுக்கு மேல் கடந்து பக்தாதுக்கு வருவோம். நம்மவர்கள் புத்ராஜெயாவை ஒப்பிடுவது பக்தாதோடுதானே!

ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) அப்பாஸிய கலீபா அபூஜஅஃபர் அல்-மன்சூர் ‘மதீனத்துஸ் ஸலாம்’ என்னும் வட்ட நகரைத் தொடங்கினார். வட்டம் எப்படி அமையும் என்று தம் கண்ணால் காண விரும்பி, சாம்பலால் கோடு இழுக்கச் செய்து, பின் பருத்தி விதையைப் பரப்பி நாஃப்தா எண்ணெய் ஊற்றி எரிக்கச் செய்து பார்த்தார் என்பது தபரீயின் செய்தி. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் காழீ பதவியை ஏற்க மறுத்ததால், கலீபா அவரைச் செங்கல் எண்ணும் மேற்பார்வையில் வைத்தார் என்றும், இமாமவர்கள் ஒவ்வொன்றாக எண்ணாமல் கோல் கொண்டு அடுக்கை அளந்து கணக்கிட்டார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. (எங்கள் உஸ்தாத் இதைச் சொல்லும்போதெல்லாம், பதவி ஏற்றிருந்தால் செங்கல்லையும் தீர்ப்பையும் ஒரே கோலால் அளக்கச் சொல்லியிருப்பார்கள் என்று சிரிப்பார்.)

நகருக்கு நான்கு வாயில்கள்: கூஃபா, பஸரா, குராஸான், ஷாம். நடுவில் பரந்த வெளி. அதன் மையத்தில் அரண்மனையும் பள்ளிவாசலும். அரண்மனையின் உச்சியில் பச்சைக் குவிமாடம். யஅகூபி தம் ‘கிதாபுல் புல்தா’னில் இந்த வெளியைச் சுற்றி இருந்தவற்றைப் பட்டியலிடுகிறார். கருவூலம், ஆயுதச்சாலை, கடிதப் போக்குவரத்துத் துறை, நிலவரித் துறை, முத்திரைத் துறை, படைத்துறை. இப்பட்டியலில் இன்னும் இரண்டு இருக்கின்றன. நான் ஒவ்வொரு முறை ஓதும்போதும் அங்கே நின்றுவிடுவேன். ஒன்று ‘தீவானுல் ஹவாயிஜ்’, அதாவது மக்களின் தேவைகளையும் முறையீடுகளையும் கவனிக்கும் துறை. மற்றது பொதுமக்களுக்கான அடுக்களை. எல்லா வகையிலும் கடுமையானவர் என்று பெயரெடுத்த மன்சூரின் நகரில்கூட, கலீபாவின் மாளிகையைச் சுற்றிய வட்டத்திலேயே குறையைக் கேட்கும் துறையும் சோறு ஆக்கும் அடுப்பும் இருந்தன.

ஆனால் மன்சூருக்கும் கதவின் ஆசை வந்தது. நடு வெளிக்குள் அவரைத் தவிர யாரும் வாகனத்தில் ஏறி வரலாகாது என்று கட்டளையிட்டார். அவருடைய சிறிய தந்தையார் ஒருவர், நடந்து வர உடல் இடந்தரவில்லை என்று வேண்டியும் இணங்கவில்லை என்று கதீபுல் பக்தாதீ எழுதுகிறார். சந்தை முதலில் மதிலுக்குள்ளேயே இருந்தது. ரோமப் பேரரசின் தூதுவர் ஒருவர் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்று, உங்கள் பகைவர் மட்டும் உங்களோடு உள்ளேயே இருக்கின்றனர் என்ற பொருளில் சொன்னாராம். யார் அவர்கள் என்றால், சந்தைக்காரர்கள். வணிகம் என்ற பெயரில் ஒற்றர்கள் எளிதில் வந்துபோவார்கள் என்பது அவர் விளக்கம். ஹிஜ்ரி 157இல் சந்தை முழுவதும் மதிலுக்கு வெளியே தெற்கில் கர்க் என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டது. இரைச்சல் போயிற்று. பிறகு நடந்ததைப் பாருங்கள்: மன்சூரே வட்ட நகரில் நிலைக்கவில்லை. மதிலுக்கு வெளியே திஜ்லா நதிக்கரையில் ‘குல்து’ மாளிகையைக் கட்டிக்கொண்டார். மகன் மஹ்தீ ஆற்றின் கீழ்க்கரையில் ருஸாஃபாவில் இருந்தார். வட்ட நகரின் மதில் காலத்தில் தேய்ந்தது. பச்சைக் குவிமாடம் ஹிஜ்ரி 329இல் ஒரு புயல் மழை இரவில் இடிந்து விழுந்தது. விரட்டப்பட்ட கர்க்கோ இன்றைக்கும் பக்தாதில் பெயரோடு வாழ்கிறது. ஆற்றின் மேற்குப் பக்கம் முழுவதற்குமே அப்பெயர் வழங்குகிறது.

இந்த இரண்டு நகர்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் புத்ராஜெயாவைப் பார்த்தேன்.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், தலைநகருக்கும் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் நடுவே இருக்கிறது அது. கோலாலம்பூரில் நெரிசல் மிகுந்துவிட்டது, அமைச்சகங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன என்ற காரணத்தால், பிரதமர் மகாதீர் முகமதின் அரசு 1993இல் இவ்விடத்தைத் தேர்ந்தது. 1995இல் கட்டுமானம் தொடங்கிற்று. இடையே 1997இன் ஆசிய நிதி நெருக்கடி வந்து உலுக்கியும் பணி நிற்கவில்லை. 1999இல் பிரதமர் அலுவலகம் இடம் மாறியது. 2001 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து, கோலாலம்பூர், லாபுவான் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அவர்களின் பெயரே நகருக்கு. புத்ரா என்பதும் ஜெயா என்பதும் நமக்குப் பழகிய வடசொற்களே.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அரசமைப்புச் சட்டப்படி தலைநகர் இன்றும் கோலாலம்பூர்தான். பேரரசரின் மாளிகை அங்கே; நாடாளுமன்றம் அங்கே; அயல்நாட்டுத் தூதரகங்களில் மிகப் பெரும்பாலானவை அங்கே. பாதுகாப்பு, பொதுப்பணி, பன்னாட்டு வாணிபம் ஆகிய அமைச்சகங்களும் கோலாலம்பூரை விட்டு வரவில்லை. மற்ற அமைச்சகங்களும் நாட்டின் உச்ச நீதிமன்றங்களும் புத்ராஜெயாவில். ஆகவே சட்டம் இயற்றுவது ஓரிடம், அதை நடத்துவது வேறோரிடம். நாடாளுமன்றம் கூடும் நாள்களில் அமைச்சர்களும் அவர்தம் அதிகாரிகளும் கோப்புகளுடன் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறார்கள், மாலையில் தெற்கே திரும்புகிறார்கள். நெரிசலைத் தவிர்க்கப் பிறந்த நகரம் அந்த நெரிசலில் ஒரு பங்கை நாள்தோறும் தானே உண்டாக்குகிறது.

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்ல வேண்டும், அதுவே நடுவுநிலை. ஏறத்தாழ 49 சதுர கிலோமீட்டர் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரமும் புல்வெளியும் நீருமாக விடப்பட்டிருக்கிறது. அந்த ஏரி இயற்கையன்று. ஓடைகளை மறித்து உண்டாக்கியது. மேலிருந்து வரும் நீர் நேரே ஏரியில் விழுவதில்லை. நாணலும் கோரையும் நட்ட சதுப்புப் பாத்திகளின் வழியே மெல்லச் சென்று, அழுக்கை அங்கே உதிர்த்துவிட்டே கீழே இறங்குகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஏரிகளில் சாக்கடையைக் கலந்துவிட்டு வாளாவிருக்கும் நம்மவர்கள் நேரில் சென்று காணத் தக்கது இந்தச் சதுப்புதான்; ஆனால் எந்தப் பயணக் கட்டுரையிலும் இதற்கு ஒரு வரி இல்லை. அலுவலகங்களுக்குத் தனித்தனியே குளிரூட்டும் பொறி வைக்காமல், ஒரு நிலையத்தில் நீரைக் குளிர்வித்துக் குழாய் வழியே கட்டடம் கட்டடமாக அனுப்புகிறார்கள். மின்கம்பிகள் நிலத்துக்குள் ஓடுகின்றன. குடியிருப்புப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு வேலிச்சுவர் எழுப்பக் கூடாது என்பது விதி. அண்டை வீட்டாரின் முற்றங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதைக் காணக் கண்ணுக்கு இனிமையாக இருக்கிறது.

அப்படியானால் எங்கே இடிக்கிறது?

நகரின் முதுகெலும்பு 4 கிலோமீட்டருக்கும் சற்று நீண்ட நேர்வீதி. ஒரு முனையில் பிரதமர் அலுவலகம், மறு முனையில் மாநாட்டு மாளிகை, இடையில் நீதி மாளிகையும் அமைச்சகங்களும். வரைபடத்தில் பார்த்தால் கம்பீரம். நடந்து பார்த்தால், நிலநடுக்கோட்டு வெயிலில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரம் காலையும் தலையையும் ஒருசேரச் சுடுகிறது. நான் நடந்த அரை மணி நேரத்தில் எதிரே வந்தவர்கள் மூவர். மூவரும் தோட்டப் பணியாளர்கள். பெரும்பான்மையோர் பொதுப் போக்குவரத்தில் வருவார்கள் என்று நகரை வரைந்தவர்கள் எண்ணினர். அதற்காகத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயில் பணி 2004இல் நிறுத்தப்பட்டது. அதற்கென ஏரியின் குறுக்கே எழுப்பிய தொங்கு பாலம் இரு கரையையும் தொட்டபடி வண்டியின்றி நிற்கிறது. 2023 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து புதிய ரயில் தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது. நானும் அதில்தான் போனேன். ஆனால் நிலையம் ஓர் ஓரத்தில், அலுவலகங்கள் நடுவில். அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும்.

மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்வார்கள் என்று திட்டமிட்ட நகரில் 2020 மக்கட்கணக்கெடுப்பு கண்டது ஏறத்தாழ 1,09,000 பேரை. வேலை செய்பவர்களில் பலர் காஜாங், பாங்கி போன்ற வெளியூர்களிலிருந்து வந்து போகிறார்கள். உள்ளே இருப்பவர்களிலும் பெரும்பாலோர் அரசு ஊழியர் குடும்பத்தினர். பல இனத்தவரும் பல தொழிலாரும் கலந்து வாழும் அந்நாட்டில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே இனத்தவராக உள்ள நகரம் இது. ஆள்வோரின் ஊரில் ஆளப்படுவோரின் கலவை இல்லை. நகரை நடத்தும் மன்றமும் நியமனத்தால் அமைவதே. குடிமக்கள் வாக்களிப்பது ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்குத்தான். கூஃபாவில் ஸஅத் அவர்களுக்குத் தொல்லையாக இருந்த அந்தச் சந்தை இரைச்சல் இங்கே இல்லவே இல்லை. கதவு போடாமலேயே, தொலைவைக்கொண்டு அதை அடைத்துவிட்டார்கள்.

2007 செப்டம்பர் 26 அன்று நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்வேன். நீதிபதிகள் நியமனத்தைப் பற்றி எழுந்த ஐயத்தை விசாரிக்க ஆணையம் வேண்டும் என்று ஏறத்தாழ 2,000 வழக்கறிஞர்கள், கறுப்பு அங்கி வெயிலை இழுக்க, நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகம்வரை நடந்து சென்று மனு அளித்தார்கள். அவர்கள் கடந்தது மூன்று கிலோமீட்டருக்கு மேல். வழியில் கடையில்லை, நின்று கேட்க ஊர் மக்கள் இல்லை. கோலாலம்பூரில் நடந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும். சட்டம் கற்ற 2,000 பேருக்கே இப்படியென்றால், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு தனியே வருபவனின் நடையை யார் கவனிப்பார்?

இனிக் கலைக்கு வருகிறேன். புத்ரா பள்ளிவாசலின் மினாரா 116 மீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. அது பக்தாதிலுள்ள ஷெய்க் உமர் பள்ளிவாசலின் மினாராவைத் தழுவியது என்கிறார்கள். அடித்தளச் சுவர் காஸாபிளாங்காவின் ஹஸன் மன்னர் பள்ளிவாசலை ஒத்தது. புத்ரா பாலத்துக்கு மாதிரி இஸ்ஃபஹானின் காஜூ பாலம். மலாய் மண்ணுக்கே உரிய சரிந்த கூரையும் மரவேலையும் இருக்க, ஈராக்குக்கும் ஈரானுக்கும் போய் முகத்தைக் கடன் வாங்குவானேன் என்று அந்நாட்டு விமர்சகர்களே கேட்டிருக்கிறார்கள். என் கேள்வி சற்று வேறு. கடன் வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. நம் தென்கரைப் பள்ளிவாசல்களும் கோயில் தச்சர்களின் தூணைக் கடன் வாங்கியவையே. பக்தாதிலிருந்து மினாராவைக் கொண்டுவந்தவர்கள் தீவானுல் ஹவாயிஜை ஏன் கொண்டுவரவில்லை? இஸ்ஃபஹானின் காஜூ பாலத்தில் மாலையில் மக்கள் படியில் அமர்ந்து பாடுவார்கள், பேசுவார்கள். அதன் மாதிரியின் மேல் கார்கள் விரைகின்றன. உருவம் கடல் கடந்து வந்துவிட்டது, பயன் அங்கேயே தங்கிவிட்டது. நம் கட்டுரையாளர்கள் உருவத்தைக் கண்டு உருகுகிறார்கள். கும்பத்தைக் கண்டவுடன் ‘நம்முடையது’ என்று நெஞ்சு நிமிர்கிறதே, அந்த நிமிர்வில் விமர்சனம் மறைந்துவிடுகிறது.

அந்த நிமிர்வினால் நாம் மறந்த ஒன்று உண்டு. அது நம் மொழி பேசுவோரைப் பற்றியது. புத்ராஜெயா வெற்று நிலத்தில் எழவில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் அங்கே ஒரு ரப்பர் தோட்டம் தொடங்கி, பெரும் போரின் நினைவாகப் ‘பெராங் பெசார்’ என்று பெயரிட்டார்கள். அத்தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ஒட்டு ரப்பர் வகைகள் உலகப் புகழ் பெற்றவை. இலங்கையிலும் கேரளத்திலும் பரவலாக நட்ட பி.பி. 86 என்னும் மரத்தின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளே. அந்தத் தோட்டத்திலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் பாலெடுத்தவர்கள், பின்னர் செம்பனைக் குலை அறுத்தவர்கள் தமிழர்கள். நகரத்துக்கு நிலம் எடுக்கப்பட்டபோது நான்கு தோட்டங்களைச் சேர்ந்த சில நூறு குடும்பங்கள் டெங்கில் என்னும் ஊரில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். சுவர் வெடிப்புகளைக் காட்டியும், மண்ணோடு சேர்ந்த தனி வீடு கேட்டும் அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனு எழுதியிருக்கிறார்கள். ரோஜா நிறப் பள்ளிவாசலைப் பற்றி எழுதிய நம்மவர் எவரும் அந்தச் சில கிலோமீட்டரைக் கடந்து டெங்கிலுக்குப் போகவில்லை.

நான் போனதும் தற்செயலே. மருமகன் அங்கே ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அடுக்குமாடியின் கீழே அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர், என் தொப்பியைப் பார்த்து, “எந்த ஊரு பாய்?” என்றார். சொன்னேன். பேச்சு தோட்டத்தின்மேல் திரும்பியது. “விடியக்காலம் பெரட்டுக்குப் போயி, இருட்டோட மரம் வெட்டுவோம் பாய். இப்ப ஏரி இருக்குல்ல, அதுக்குள்ளதான் எங்க நெரை” என்றார். குரலில் கோபம் இல்லை. ஏரி எப்படி இருக்கிறது என்று என்னையே கேட்டார். பார்த்து நாளாகிவிட்டதாம்.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், ஓர் அரசு கட்டிய நகரத்தின் ஆயுள் அந்த அரசின் ஆயுளே என்று கருதுகிறார். சுற்றிலும் உள்ள நிலத்திலிருந்து மக்கள் ஓயாமல் வந்து நிரப்பினால் மட்டும் அது அரசைக் கடந்து வாழும். ஸாமர்ரா இதற்குச் சான்று. தம் துருக்கிப் படைக்கும் பக்தாத் மக்களுக்கும் ஓயாத பூசல் என்று கலீபா முஅதஸிம் கி.பி. 836இல் தலைநகரையே பெயர்த்துக்கொண்டு போய் அங்கே வைத்தார். திஜ்லாவின் கரையில் காத தூரத்துக்கு மாளிகைகள் எழுந்தன. 892இல் அரசு பக்தாதுக்கே திரும்பிவிட்டது. ஐம்பத்தாறு ஆண்டு. இன்று அந்த மாளிகைகள் இருந்த இடத்தில் இடிபாடுகளும், திருகு மினாராவும். புத்ராஜெயாவுக்கு அப்படி நேரும் என்று நான் சொல்லவில்லை; அதன் மரங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, பிள்ளைகள் அங்கே பிறந்து பள்ளிக்குப் போகிறார்கள், கடைத்தொகுதிகளும் இரவுச் சந்தையும் மெல்லத் தலைகாட்டுகின்றன. வரைபடத்தில் எதிர்பாராத அந்தச் சந்தைதான் அதன் ஆயுளை நீட்டும் என்பது என் கணிப்பு. அரசினரும் குறையை ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும். 2012 முதல் பல ஊர்களில் அரசுத் துறைகளின் முகப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பல வேலைகள் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன என்றும் சொல்கிறார்கள்.

நாங்கள் புத்ராஜெயாவுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மருமகனின் தாள் ஒன்றை ஓர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. ரயில், பேருந்து, பின்பு நடை என்று போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. முகப்பு மூடியிருந்தது. “ஜும்ஆவுக்கு மூடியிருக்காங்க மாமா. இனி ரெண்டே முக்காலுக்குத்தான் திறப்பாங்க” என்றார் மருமகன். பள்ளிவாசலுக்குப் போனோம். உள்ளே ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க. தொழுகை முடிந்ததும் ஏரியோரத்து உணவுக் கடைகளில் கூட்டம் நிரம்பிற்று. அந்நகரில் நான் கேட்ட ஒரே இரைச்சல் அதுதான். மனத்துக்கு இதமாக இருந்தது. இரண்டே முக்காலுக்குத் திரும்பி, எண் சீட்டு எடுத்து அமர்ந்தோம். முறை வந்தது. முகப்பில் இருந்த இளம்பெண் தாளை வாங்கிப் பார்த்து, புன்னகையோடு மலாயில் ஏதோ சொன்னார். மருமகன் தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

“என்ன மாப்பிள்ளை?” என்றேன்.

“இதை இங்கே கொடுக்க வேண்டியதில்லையாம் மாமா. கோலாலம்பூரிலேயே வாங்கிக்கொள்வார்களாம்.”